சந்தை விலைத் தரவை மென்பொருளுக்குத் திறப்பது எப்படி: செயலியா, ஏபிஐயா, முழுக் கோப்பா?

ஒரு மாநில வேளாண் விற்பனைத் துறையிடம், தன் சந்தைகளின் தினசரி விலைத் தரவைப் பிறருடைய மென்பொருள்கள் எளிதாக எடுத்துப் பயன்படுத்த வழி செய்வதற்கென்று ஓர் ஆண்டுக்கான பணமும் இரண்டு மூன்று ஆட்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் எதைச் செய்வது என்ற கேள்வி எழுந்தால், கூட்டங்களில் அடிபடும் வழிகள் பெரும்பாலும் மூன்று. துறையே ஒரு செல்பேசிச் செயலியையோ டாஷ்போர்டையோ உருவாக்கலாம். கேள்வி அனுப்பினால் பதில் தரும் ஏபிஐ ஒன்றை அமைக்கலாம். அல்லது முழுத் தரவையும் கோப்புகளாக மாறாத முகவரியில் வைத்துவிடலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத நான்காவது வழியும் உண்டு. இப்போதிருக்கும் இணையப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, வேண்டியவர்கள் அவற்றிலிருந்து ஸ்கிரேப்பிங் செய்துகொள்ளட்டும், அதாவது நிரல் எழுதி எண்களைச் சுரண்டியெடுத்துக்கொள்ளட்டும், என்று இருந்துவிடுவதுதான் அது. நடைமுறையில் மிகுதியாகத் தெரிவு செய்யப்படுவதும் அதுவே.

என் பரிந்துரை முழுக் கோப்பு. ஏபிஐ வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. அது இரண்டாவதாக வர வேண்டும் என்பதே வாதம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை விலைத் தரவைக் கொண்டே பார்க்கலாம், ஏனெனில் இந்தியாவில் மென்பொருளாளர்கள் அதிகம் நாடும் அரசுத் தரவுகளில் இதுவும் ஒன்று.

அனுமதி பற்றிய கேள்வி இங்கே ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. மத்திய அரசின் அக்மார்க்நெட் வலைத்தளம் 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் உள்ள சந்தைகளின் வரத்தையும் விலையையும் திரட்டி வருகிறது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை அரசிதழில் வந்தது; அதே ஆண்டில் டேட்டா டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் தொடங்கப்பட்டது; 2017இல் அதற்கென்று ஒரு திறந்த உரிமம் அறிவிக்கப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு வணிகத்துக்கும்கூடத் தரவைப் பயன்படுத்தலாம் என்பது அந்த உரிமத்தின் சாரம். ஆகவே கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எந்த வடிவில் கொடுத்தால் ஒரு நிரல் அதை நம்பி இயங்க முடியும் என்பதுதான் மிச்சம்.

செயலி வழியை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. திறப்பு விழாவுக்கு அது ஏற்றது; அமைச்சரின் கையில் கொடுத்துப் படம் எடுக்க முடியும். ஆனால் செயலி என்பது மனிதர் பார்ப்பதற்கான ஒரு திரை மட்டுமே. ஒரு விவசாயி உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு மென்பொருளோ, விலை ஏற்ற இறக்கத்தை ஆராயும் பல்கலைக்கழக மாணவரோ, செய்தித்தாளின் தரவுப் பிரிவோ அந்தத் திரையைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. லண்டன் போக்குவரத்துக் கழகம் இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. தரவை முதலில் திறந்துவிட்டு, செயலிகளை வெளியார் உருவாக்கட்டும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தது. அதன் சொந்தப் பயணத் திட்டச் செயலி 2020இல்தான் வந்தது. அந்தத் திறந்த தரவால் பயணிகளுக்கும் நகரப் பொருளாதாரத்துக்கும் ஆண்டுக்கு 13 கோடி பவுண்டு வரை பயன் கிடைப்பதாக 2017இல் டெலாய்ட் என்ற ஆலோசனை நிறுவனம் மதிப்பிட்டது. அந்த எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், எதை முதலில் செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

எதுவும் செய்யாமல் ஸ்கிரேப்பிங்குக்கு விடும் வழியை அப்படிச் சட்டென்று தள்ளிவிட முடியாது, ஏனெனில் அதுவும் சில காலம் வேலை செய்கிறது. சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தையும் இருப்பையும் நாள்தோறும் ஓர் அட்டவணையாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, தன்னார்வலர்கள் பலர் அந்தப் பக்கத்திலிருந்தே பல ஆண்டுகளின் எண்களைத் திரட்டி வரைபடங்கள் வரைந்தார்கள். முழுக்கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி கொண்ட செம்பரம்பாக்கம் எப்படிச் சரிந்தது என்று நகரம் முழுவதும் பார்த்தது அப்படித்தான். அட்டவணை நேராகவும் எளிமையாகவும் இருந்ததால் அது முடிந்தது. ஆனால் பக்கத்தின் வடிவமைப்பு ஒருநாள் மாறினால், அட்டவணையில் புதிதாக ஒரு ஏரி சேர்ந்தால், நெடுவரிசைகளின் இடம் நகர்ந்தால், அதை நம்பியிருக்கும் எல்லா நிரல்களும் ஒரே இரவில் உடைந்துவிடும். இன்னும் மோசமானது, உடையாமல் தவறான எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுவது.

அமெரிக்க நாடாளுமன்ற மசோதாக்களின் கதையும் இப்படித் தொடங்கியதுதான். 1995 முதல் தாமஸ் என்ற அரசுத் தளத்தில் மசோதாக்கள் மனிதர் படிக்கும் பக்கங்களாக மட்டுமே இருந்தன. 2004இல் தொடங்கிய கவ்ட்ராக் என்ற தனியார் முயற்சி அந்தப் பக்கங்களைச் சுரண்டியெடுத்து, ஒழுங்கான கோப்புகளாக்கிப் பிறருக்கும் வழங்கியது. பத்தாண்டுக்கும் மேலாகப் பல தளங்களும் ஆய்வாளர்களும் அந்த ஒரு தனிமனித முயற்சியையே மூலமாகக் கொண்டு இயங்கினார்கள். அரசின் பதிவேட்டுக்கு ஒரு தன்னார்வலர் பொறுப்பாளியாகிவிடுவது அவருக்கும் நல்லதல்ல, அரசுக்கும் நல்லதல்ல.

இனி ஏபிஐ. நிரலாளர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான், அதற்கு நியாயமும் உண்டு. ஒட்டன்சத்திரத்தில் இன்றைய தக்காளி விலை என்ன என்று மட்டும் தெரிய வேண்டிய ஒரு செல்பேசிச் செயலி, அதற்காக நாடு முழுவதன் கோப்பையும் இறக்குவது அபத்தம். மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள் என்று வடிகட்டிக் கேட்டு, நான்கைந்து வரிகளில் பதில் பெறுவதற்கு ஏபிஐயைப் போல் வசதியானது வேறில்லை. டேட்டா டாட் கவ் டாட் இன் தளத்தில் உள்ள தினசரி மண்டி விலைத் தொகுப்பு இந்த முறையில் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் மாநிலம், மாவட்டம், சந்தை, பொருள், ரகம், நாள் ஆகியவையும், குவிண்டாலுக்குக் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை என்று மூன்று எண்களும் இருக்கும். நிரல்கள் படிக்கும் ஜேசான், எக்ஸ்எம்எல், அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி ஆகிய மூன்று வடிவங்களிலும் பதில் பெறலாம். கீ என்பது தளம் தரும் அனுமதிச் சொல்; மாதிரிக் கீயைக் கொண்டு அழைத்தால் ஒரு முறைக்குப் பத்துப் பதிவுகளே வரும். தளத்தில் பதிவுசெய்து சொந்தக் கீ வாங்கிக்கொண்டால் கூடுதலாகக் கேட்கலாம்.

சிக்கல், முழுத் தரவும் வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போது தொடங்குகிறது. ஏபிஐ தன் பதிலைப் பக்கம் பக்கமாகத்தான் தரும். முதல் ஆயிரம், அடுத்த ஆயிரம் என்று நகர வேண்டும். சந்தைகள் தங்கள் விலையை ஒரே நேரத்தில் பதிவேற்றுவதில்லை. பகல் முழுவதும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். நான்காவது பக்கத்தை வாங்கி முடித்து ஐந்தாவதைக் கேட்பதற்குள் இருபது புதிய பதிவுகள் நடுவில் நுழைந்தால், வரிசை இருபது இடம் கீழே தள்ளப்பட்டு, நான்காம் பக்கத்தின் கடைசி இருபது வரிகள் ஐந்தாம் பக்கத்தின் தலையில் மறுபடி வந்து நிற்கும். பதிவுகள் நீக்கப்பட்டாலோ இதற்கு எதிராக நடக்கும். சில வரிகள் எந்தப் பக்கத்திலும் அகப்படாமல் நழுவிவிடும். எடுத்த நிரலுக்கு இது தெரியவே தெரியாது. எந்தப் பிழைச்செய்தியும் வராது. மொத்தத்தில் சில சந்தைகள் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது வெற்றுப் பதிலின் பொருள். ஞாயிற்றுக்கிழமையோ பொங்கலோ என்றால் பல சந்தைகளுக்கு விடுமுறை, அவற்றின் பதிவு பூஜ்யம். பின்னணியில் இருக்கும் தரவுத்தளம் நின்றுபோனாலும், மோசமாக எழுதப்பட்ட ஏபிஐ அதே பூஜ்யத்தைத்தான் தரும். வடிகட்டும் சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் பூஜ்யமே. மூன்றையும் பிரித்தறிய வழி இல்லாதபோது, விலை வரவில்லை என்பதை விற்பனை இல்லை என்று ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டு வரைபடம் வரைந்துவிடும்.

திருத்தங்கள் மூன்றாவது தொல்லை. 2,000 என்று தட்ட வேண்டிய இடத்தில் 20,000 என்று ஓர் ஊழியர் தட்டிவிட்டு, மறுநாள் சரிசெய்வது எந்தச் சந்தையிலும் நடக்கக்கூடியது. ஏபிஐ இப்போது தன்னிடம் இருப்பதை மட்டும் சொல்லும். நேற்று என்ன சொன்னது என்பதை நினைவில் வைத்திருக்காது. ஆய்வாளர் ஒருவர் நேற்று எடுத்த எண்ணும் இன்று நான் எடுத்த எண்ணும் வேறுபட்டால், இருவரில் யார் பிழை செய்தார் என்ற வீண் சண்டைதான் மிஞ்சும்.

இவை எல்லாவற்றுக்கும் தொழில்நுட்பத் தீர்வுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. பக்கம் மாற்றுவதற்கு நிலையான சுட்டியைப் பயன்படுத்தலாம், பிழைக் குறியீடுகளை ஒழுங்காக அனுப்பலாம், பழைய பதிப்புகளைச் சேமிக்கலாம். ஆனால் அவை ஒவ்வொன்றும் கூடுதல் வேலை. அந்த வேலையைத் தெரிந்து செய்பவர் ஒப்பந்தம் முடியும்வரைதான் இருப்பார். ஏபிஐ என்பது ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் பொருள் அல்ல. இரவு பகலாக ஒரு சர்வர் ஓட வேண்டும், கீ வழங்க வேண்டும், கூட்டம் மிகுந்தால் தாங்க வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் போட வேண்டும், வடிவம் மாறினால் பயன்படுத்துவோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓர் ஆண்டுப் பணத்தை வைத்துக்கொண்டு இதைத் தொடங்குவது, இரண்டாம் ஆண்டில் பதில் சொல்லாத ஒரு முகவரியை உருவாக்குவதற்கான உறுதியான வழி.

முழுக் கோப்பின் பலம் அது சலிப்பூட்டும் அளவுக்கு எளியது என்பதில் இருக்கிறது. ஒரு பதிவுக்கு நூறு எழுத்துகள் என்றும், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பதிவுகள் என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டால், ஒரு நாள் கோப்பு ஒரு மெகாபைட். ஆண்டு முழுவதும் 365 மெகாபைட். ஒரே ஊர்ப் பெயர்களும் பொருள் பெயர்களும் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய தரவு, ஜிப் செய்தால் பெரிதும் சுருங்கிவிடும். இருபது ஆண்டு விலை வரலாறு ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும். இதை வழங்குவதற்குத் தரவுத்தளமோ கீயோ தேவையில்லை. எந்தத் துறையிடமும் இப்போதே இருக்கும் இணையச் சர்வரே போதும். துறையின் தளம் ஒரு வாரம் முடங்கினாலும், ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்களின் வேலை நிற்காது.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. முழுக் கோப்பு கையில் இருந்தால், ஒரு கல்லூரி மாணவர்கூட அதன்மேல் ஒரு ஏபிஐ கட்டிவிட முடியும். ஏபிஐ மட்டும் இருந்தால் அதிலிருந்து முழுமையான, நம்பத்தக்க கோப்பை மீட்டெடுப்பது, மேலே சொன்ன காரணங்களால், தேர்ந்தவர்களுக்கே பாடு. ஒரு வழி மற்றதற்கு இடம் கொடுக்கிறது, மற்றது கொடுப்பதில்லை. பணம் குறைவாக இருக்கும்போது இந்த ஒரு காரணமே தெரிவை முடிவு செய்யப் போதும் என்பது என் எண்ணம்.

கோப்பு வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. யார், எத்தனை பேர், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது துறைக்குத் தெரியாது. ஏபிஐயில் கீ இருப்பதால் அது தெரியும், அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது அந்த எண் உதவும். (இறக்கங்களின் எண்ணிக்கையைச் சர்வர் பதிவுகளிலிருந்தே எடுக்கலாம் என்று சொன்னால், நிதித்துறைக் கூட்டத்தில் அது அவ்வளவு எடுபடாது என்பதும் உண்மை.) நாள் கோப்பு மாலையில்தான் வரும், காலை பதினொரு மணிக்கு விலை தெரிய வேண்டிய வியாபாரிக்கு அது உதவாது. சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் 05/06/2024 என்பது ஜூன் 5ஆ மே 6ஆ என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிவதும் வழக்கமாக நடப்பதே. ஆகவே தேதியை 2024-06-05 என்று ஆண்டு முதலாக எழுதுவது, யூனிகோடில் மட்டுமே வெளியிடுவது, ஒவ்வொரு நாள் கோப்புடனும் எத்தனை சந்தைகள் பதிவேற்றின, எத்தனை வரிகள் உள்ளன என்று சொல்லும் ஒரு சிறு விவரக் கோப்பை இணைப்பது ஆகிய மூன்றும் இந்த வழியின் பகுதியாகவே இருக்க வேண்டும். அந்த விவரக் கோப்பு இருந்தால் விடுமுறை எது, கோளாறு எது என்ற குழப்பம் தீர்ந்துவிடும். திருத்தம் வந்தால் பழைய கோப்பை அழிக்காமல் புதிய பதிப்பை அதன் அருகில் வைத்தால் போதும்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் ஒரு வேலை தப்பாது. அதைச் செய்யாவிட்டால் மற்ற விவாதமே பயனற்றது. பெயர்களுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்களைப் பயன்படுத்துவதுதான் அது. தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 32 மாவட்டங்கள் இருந்தன, இன்று 38. சங்கரன்கோவில் சந்தையின் விலை 2019 நவம்பருக்கு முன் திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் வரும், பின் தென்காசிக் கணக்கில் வரும். மாவட்டப் பெயரை வைத்துக் கூட்டும் நிரல், திருநெல்வேலியில் வரத்து திடீரென்று குறைந்துவிட்டதாக அறிக்கை தரும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ இன்னும் நிலையற்றது. தூத்துக்குடி ஒரு கோப்பில் அப்படியே இருக்கும், மற்றொன்றில் டூட்டிகோரின் ஆகியிருக்கும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. பெயரையே அடையாளமாகக் கொண்ட எந்த மென்பொருளும் அத்தகைய ஒரு வாரத்தைத் தாங்காது.

பொருள் பெயர்களிலும் இதே கதைதான். மண்டி விலைத் தொகுப்பில் வெண்டைக்காய் ஆங்கில எழுத்துகளில் ‘பிண்டி’ என்று இந்திப் பெயராகவும், அதன் அடைப்புக்குறிக்குள் ‘லேடீஸ் ஃபிங்கர்’ என்றும் இருக்கும். நெல்லும் அப்படியே, ஓர் அடைப்புக்குறியை அடுத்து இன்னொரு அடைப்புக்குறியாக வந்து நிற்கும். தமிழ்நாட்டுச் சந்தைகள் பலவற்றின் பெயருக்குப் பின்னால் உழவர் சந்தை என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றை எழுத்துக்கு எழுத்து சரியாகத் தட்டி வடிகட்ட வேண்டியிருப்பதே, ஏபிஐ அழைப்புகள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரிய காரணம். ஊர்களுக்கும் மாவட்டங்களுக்கும் ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு ஏற்கெனவே எண்களை வழங்குகிறது. அவற்றை எடுத்துக்கொண்டு, சந்தைக்கும் பொருளுக்கும் மட்டும் துறை தன் எண்களை நிர்ணயித்தால் போதும். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்த மாவட்டம் என்று சொல்லும் ஒரு தனி அட்டவணை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. விலைத் தரவில் அதை நிறைவேற்ற இந்த ஒரு பெயர் அட்டவணையே பெரும்பாலும் போதுமானது.

கோப்பு முதலில், ஏபிஐ பின்னர் என்ற வரிசை வெளியில் நடந்து பார்த்ததுதான். அமெரிக்காவில் அரசு அச்சகம், ஒவ்வொரு மசோதாவும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற தரவை 2016இல் மொத்தக் கோப்புகளாக வெளியிடத் தொடங்கியது. நாடாளுமன்றத் தளத்தின் அதிகாரபூர்வ ஏபிஐ 2022இல்தான் வந்தது. அரசின் கோப்புகளே கிடைத்துவிட்டதால், கவ்ட்ராக் தன் மொத்தக் கோப்புச் சேவையையும் ஏபிஐயையும் 2018இல் நிறுத்திக்கொள்ள முடிந்தது. மாறாக, சன்லைட் அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு நடத்திவந்த நாடாளுமன்ற ஏபிஐ, அந்த அமைப்பு தன் தொழில்நுட்பப் பிரிவை மூடியபோது புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் கைக்குப் போனது. அங்கும் பின்னர் புதியவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. கோப்பாக இருந்திருந்தால் பிரதி எடுத்து வைத்திருப்பவர்களிடம் மிஞ்சியிருக்கும்.

என் தெரிவு மாறும் இடங்களும் உண்டு. பேருந்து இப்போது எங்கே வருகிறது என்பது கோப்பில் வைக்கும் செய்தி அல்ல. 2018இல் டெல்லி அரசு ஐஐஐடி டெல்லி என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய திறந்த போக்குவரத்துத் தரவுத் தளம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது: நிறுத்தங்களும் வழித்தடங்களும் கால அட்டவணையும், பொதுப் போக்குவரத்துத் தரவுக்கான ஜிடிஎஃப்எஸ் வடிவில் ஒரு கோப்பாக, பேருந்துகளின் நேரடி இருப்பிடம் தனி இணைப்பாக. நேரடித் தரவுக்குக்கூட அடிப்படைக் கோப்பு இல்லாமல் பொருளில்லை. வண்டி எந்த வழித்தடத்தில் ஓடுகிறது என்பதை அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். செயற்கைக்கோள் படங்களைப் போல அளவில் மிகப் பெரிய தரவிலும், முழுவதையும் இறக்கு என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு; அங்கே துண்டு துண்டாகக் கேட்கும் ஏபிஐதான் வழி. தனிநபர் விவரம் உள்ள பட்டியல்களுக்கோ இரண்டு வழியும் பொருந்தாது. கீ கொடுத்துவிட்டால் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நம்பி, பயனாளிகள் பட்டியலை ஏபிஐயில் வைப்பது, கோப்பாக வைப்பதைவிட எந்த வகையிலும் பாதுகாப்பானது அல்ல.

மண்டி விலை இந்த மூன்று வகையிலும் சேராது. அளவில் சிறியது, யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை, நாளுக்கு ஒருமுறை முடிவாகும் எண். காலை விலையின் அவசரத்தைத் தீர்க்க, நாள் கோப்புடன் ‘இன்று இதுவரை’ என்ற ஒரு கோப்பையும் அரை மணிக்கு ஒருமுறை புதுப்பித்து வைக்கலாம். ஏபிஐ இல்லாமலேயே தேவையில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். ஓர் ஆண்டுப் பணத்தில் குறியீட்டு அட்டவணையும், பழைய ஆண்டுகளின் கோப்புகளும், நாள் கோப்பும் முடிந்த பின் மீதி இருந்தால் ஏபிஐக்கு டெண்டர் விடட்டும். அந்த டெண்டரில், ஏபிஐ தரும் ஒவ்வொரு பதிவும் அன்றைய கோப்பிலும் அதே குறியீட்டுடன் இருக்க வேண்டும் என்றும், கோப்பு வெளியாவது ஒப்பந்ததாரரின் சர்வரைச் சார்ந்திருக்கக் கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துவிட வேண்டும்.